கண்ணால் அளப்பவர்

எந்த அறைக்குள் நுழைவதென்றாலும் அவர் வாசலில் ஒரு கணம் நிற்பார். மழை பெய்கிறதா என்று வெளியே கையை நீட்டிப் பார்ப்பவர்கள் நிற்பார்களே, அப்படி. பிறகு உள்ளே வந்து, தான் உட்கார வேண்டிய இடம் எது என்று முன்பே தெரிந்தவரைப் போல ஓர் இடத்தில் உட்காருவார். நான் வாழ்க்கையில் எந்த வாசலிலும் அப்படி நின்றதில்லை. கதவைத் திறக்கும்போதே பேசத் தொடங்கிவிடுகிறவன் நான்.

அவர் கொரியாக்காரர். லண்டனில், நியூ மால்டனில் வீடு. ஹோபோர்னில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த கட்டுமானப் பொறியியல் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் நெடுங்காலம் வேலை செய்தவர். பெயரை எழுதப் போவதில்லை. எங்கும் தன் பெயர் முன்னுக்கு வருவதை விரும்பாதவர். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது என் மகளிடம்தான் போய் நிற்கும். இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கொண்டு போவது சோறும் மீன் குழம்பும். லண்டன் அலுவலகம் ஒன்றில் மீன் குழம்பைச் சூடாக்குவது சின்ன விஷயம் இல்லை. நான் சாப்பாட்டுப் பெட்டியை எடுப்பதற்குச் சற்று முன் அவர் எழுந்து போய், மேலே தூக்கித் திறக்கிற அந்தப் பழைய யன்னலைத் திறப்பார். தனக்குப் புழுக்கமாக இருக்கிறது என்பார். மார்கழியிலும் புழுக்கம், தையிலும் புழுக்கம். கொரியர்களுக்கு உடம்புச் சூடு அதிகம் என்று நான் வீட்டில் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் லீவில் போன ஒரு கிழமைதான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் பெட்டியைத் திறந்து சில நிமிடங்களில், பின்னால் இருந்த ஒருவர் எழுந்துபோய் யன்னலைத் தூக்கினார். சட்டம் மேலே போய் இடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் கேட்கக் கூடாது என்பதற்காகவே அவர் அத்தனை குளிர்காலமும் புழுங்கியிருக்கிறார்.

இன்னொரு நாள். எனக்குத் தரவேண்டிய லீவைப் பற்றி எங்கள் மேலாளரோடு நான் நின்றபடி வாதாடிக்கொண்டிருந்தேன். நியாயம் என் பக்கம் இருந்தது. நியாயம் என் பக்கம் இருக்கும்போது என் குரல் கொஞ்சம் உயரும். அப்போது நண்பருடைய, கோடு போடுகிற இரும்பு அடிமட்டம் பெரிய சத்தத்தோடு நிலத்தில் விழுந்தது. நான் திரும்பினேன். அவர் குனிந்து அதைத் தேடினார், கிடைக்கவில்லை, என்னையும் தேடச் சொன்னார். அந்த இடைவெளியில் மேலாளர் போய்விட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. பின்னேரம் அந்த மேலாளர் தன் மேசைச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் லிஃப்டுக்குள் போனார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நண்பரிடம் கேட்டேன்.

"காலையில் எல்லாருக்கும் குட்மோர்னிங் சொன்னார். அவர் சொல்லுகிற ஆள் இல்லையே."

அன்றைக்குத்தான் அவர் எனக்கு அந்தச் சொல்லைச் சொன்னார். நுன்ச்சி. நுன் என்றால் கண். கண்ணால் அளப்பது என்று பொருள் சொன்னார். ஒருவர் வாயால் சொல்லாததை, அந்த அறையின் காற்றில் இருப்பதைப் பிடிப்பது. அது ஒருவரிடம் இருக்கிறது இல்லை என்று கொரியர்கள் பேசுவதைவிட, வேகமா மெதுவா என்று பேசுவதுதான் கூடவாம். அறைக்குள் வந்து பேசிப் பார்த்துப் பிறகு கண்டுபிடிப்பது மெதுவான நுன்ச்சி. அதனால் யாருக்கும் பிரயோசனமில்லை.

எங்களிடமும் குறிப்பறிதல் என்று ஒன்று உண்டு, பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன், நல்ல புள்ளியும் வாங்கினேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"பரீட்சையா?" என்றார். அதன்பிறகு நான் எங்கேயாவது இடம் தெரியாமல் பேசிவிட்டால், மெதுவாக, "நல்ல புள்ளி" என்பார். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த பகிடி அது.

இதை ஒரு வரம் என்று நான் நினைத்தேன். அப்படிச் சொல்லவும் செய்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவருடைய தகப்பன் கோபக்காரர். பின்னேரம் அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற சத்தத்திலிருந்து அன்றைய இரவு எப்படிப் போகும் என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பார்களாம். இரண்டு சப்பாத்தும் ஒன்றாக விழுந்தால் பரவாயில்லை. ஒன்று விழுந்து, நேரம் கழித்து மற்றது விழுந்தால் எல்லாரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவார்கள். "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வேகமான நுன்ச்சி. அப்பாவைத் தவிர. அவருக்குத் தேவைப்படவில்லை" என்றார்.

நானும் என் கதையைச் சொன்னேன். யுத்த காலத்தில் ஊரில் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும்போது, துவக்கோடு நிற்பவனின் முகத்தைத் தூரத்திலேயே பார்த்து, அவன் இன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறான் என்று கணித்துத்தான் அடையாள அட்டையை நீட்டுவோம். எனக்கும் அது ஒருகாலத்தில் வேகமாகத்தான் இருந்தது என்றேன்.

"அப்படியானால் வரும்போது ஏன் கொண்டுவரவில்லை?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். கேள்விக்குப் பதில் இப்போது எனக்குத் தெரியும். இங்கே வந்து, படித்ததற்கு ஏற்ற வேலை கிடைத்து, ஹரோவில் வீடு வாங்கிய பிறகு, யாருடைய முகத்தையும் பார்த்து நடக்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போய்விட்டது. வீட்டில் ஒருவன் மற்றவர்களை அளக்கத் தேவையில்லாமல் இருக்கிறான் என்றால், மற்ற எல்லாரும் சேர்ந்து அவனை அளந்துகொண்டிருக்கிறார்கள். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அப்போது எனக்கு அது அமைதியான வீடாகத் தெரிந்தது.

என் ஒரே மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். லண்டனின் தெற்கே, தோர்ண்டன் ஹீத்தில் இருந்த குடும்பம். பெடியனுக்கு வங்கியில் வேலை, நல்ல குணம் என்று எல்லாரும் சொன்னார்கள். சாதகம் பொருந்தியது. மகள் பார்மஸியில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன். "உங்களுக்கு ஓம் எண்டா எனக்கும் ஓம் அப்பா" என்றாள். இவ்வளவு நல்ல பிள்ளையைப் பெற்றதற்கு அன்று இரண்டு பேரிடமாவது பெருமைப்பட்டிருப்பேன்.

அவர்கள் பெண் பார்க்க வந்த சனிக்கிழமைக்கு நான் அவரையும் அழைத்தேன். என்னோடு வேலை செய்கிற நண்பர், எங்கள் சாப்பாட்டில் ஆசை உள்ளவர் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர்களைக் கொஞ்சம் அளந்து பாருங்கள். பாஷை தெரியாதது இன்னும் நல்லது, பேச்சில் ஏமாற மாட்டீர்கள் என்றேன்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. இது தன் குடும்ப விஷயம் இல்லையே என்றார். நான் வற்புறுத்தினேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மனைவியின் தம்பி கெட்டிக்காரன், வாய் சும்மா இராது. நண்பர் வந்து மூலையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தான்.

"அத்தான், சாதகம் பாத்தாச்சு. இனி மூஞ்சி பாக்கிறதுக்கும் ஆள் பிடிச்சிருக்கிறியளோ?"

"சும்மா இரடா" என்றேன்.

மகள் நீலச் சேலையில் தேநீர்த் தட்டோடு வந்தாள். நண்பர் கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கித் தலையைத் தாழ்த்தினார். மாப்பிள்ளையின் தாய்க்கு அது பிடித்திருந்தது, எங்கடை பெடியளை விட மரியாதை தெரிஞ்ச மனிசன் என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அந்தத் தாய் என் மகளிடம் கேட்டார். "என்ன பிள்ளை, எங்கடை பக்கம் வந்து இருக்க விருப்பமோ? உம்மடை வேலைக்குத் தூரமெல்லோ?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாயின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பிரச்சினை இல்லை அன்ரி."

எல்லாருக்கும் திருப்தி. மகள் வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்போதுதான் நண்பர் அந்தக் காரியத்தைச் செய்தார். எழுந்து, மிச்சமிருந்த கோப்பைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் போனார். விருந்துக்கு வந்த ஆம்பிளை கோப்பை கழுவப் போவது எங்கள் வீடுகளில் நடக்காத விஷயம். மாப்பிள்ளையின் தகப்பன் என்னைப் பார்த்தார். என் மனைவி, நண்பருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, "ஐயோ, நீங்கள் இருங்கோ" என்று பின்னால் ஓடினாள். அவர் கோப்பைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிச் சமையலறை வாசலில் நின்றார். வாசலை நிறைத்துக்கொண்டு நின்றார் என்று சொல்ல வேண்டும். மனைவியை உள்ளே போக விடாமல் வடையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். என்ன பருப்பு, எவ்வளவு நேரம் ஊற வைப்பது, நடுவில் ஏன் ஓட்டை. மனைவி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கையால் எல்லாம் காட்டிக்காட்டி விளங்கப்படுத்தினாள். உள்ளே பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு நேரம் பைப்பைத் திறந்து விட்டிருக்கிறாள் என்றுதான் வரவேற்பறையில் இருந்த எனக்குத் தோன்றியது. நண்பர் மானத்தை வாங்குகிறாரே என்றும் தோன்றியது.

பின்னேரம் அவரை ஸ்டேஷன் வரை நடத்திக்கொண்டு போனேன். எப்படி என்று கேட்டேன்.

"நல்ல மனிதர்கள்."

"பெடியன்?"

"நல்ல பையன். கொஞ்சம் பயந்திருந்தான். அது நல்லது."

எனக்கு நிம்மதி. படிகள் ஏறும் இடத்தில் அவர் நின்றார். "உங்கள் மகள் களைத்திருக்கிறாள்" என்றார்.

"ஓம், வேலை கூட. சனிக்கிழமையிலும் ஷிப்ட் போடுகிறார்கள்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை சற்று நீண்டது. பிறகு, "ஆம், வேலை" என்றார். கை கொடுத்துவிட்டு மெட்ரோபொலிட்டன் ரயிலுக்குப் படியேறிப் போனார்.

கலியாணம் நன்றாக நடந்தது. இரண்டு மூன்று வருடம் போயிற்று. ஒருநாள் மருமகன் தனியாக என் வீட்டுக்கு வந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதை முதலில் சொல்ல வேண்டும். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"மாமா, நான் எதைக் கேட்டாலும் அவ ஓம் எண்டுறா. எங்கை போவம், என்ன சாப்பிடுவம், பிள்ளை வேணுமோ, எல்லாத்துக்கும் ஓம். என்ரை முகத்தைப் பாத்துப் பாத்துச் சொல்லுறா. எனக்கு வரவரப் பயமாக் கிடக்கு."

அவர்கள் பிரிந்தார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மகள் ஹரோவுக்கு, தன் பழைய அறைக்கே திரும்பி வந்தாள்.

என் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம், மற்றவர்கள் இருக்க, அவரைப் பார்த்துக் கத்தினேன். உங்களை அதற்காகத்தானே வீட்டுக்குக் கூப்பிட்டேன், நீங்கள் எல்லாவற்றையும் பார்த்தீர்கள், பார்த்தும் என் பிள்ளையின் வாழ்க்கை நாசமாகப் போகும்போது வாய் பொத்திக்கொண்டு இருந்தீர்கள் என்றேன். இதைவிடக் கேவலமாகவும் ஒன்று சொன்னேன். அவருடைய நாட்டையும் இழுத்து. அதை எழுத என்னால் ஏலாது.

அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"களைத்திருக்கிறாள் என்று சொன்னேன். நீங்கள் வேலை என்றீர்கள்."

"அது போதுமா? தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. உங்கள் முகத்தைப் பார்த்தேன், வாய் மூடிவிட்டது. சின்ன வயதில் பழகியது, இன்னும் போகவில்லை." பிறகு, "ஆனால் உங்களுக்கும் தெரிந்திருந்தது. எல்லாம் சரியாக இருந்திருந்தால் என்னை ஏன் கூப்பிடப் போகிறீர்கள்?" என்றார்.

நான் எழுந்து போய்விட்டேன். அதன்பிறகு வேலை விஷயம் தவிர அவரோடு பேசவில்லை. அவர் முதலில் என் பக்கம் பார்ப்பார். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். நான் பேச விரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என் மௌனத்தையும் மரியாதையாகவே நடத்தினார். தாயைப் பார்க்கத் தன் ஊரான பூசானுக்கே திரும்பிப் போகிறேன் என்று அவர் வேலையை விட்டபோது, எல்லாரும் அவரைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டேன்.

இத்தனை காலம் கழித்து அவர் சொன்னதைத் திருப்பிப் பார்க்கும்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஸ்டேஷன் படியில் நின்ற அவரும், தேநீர்த் தட்டோடு நின்ற என் மகளும் செய்தது ஒரே காரியம். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள், தாங்கள் சொல்ல வந்ததை விழுங்கினார்கள். அவருடைய வீட்டில் சப்பாத்தின் சத்தத்தைப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்டார்களே, அந்தத் தகப்பனாக நான் இருந்திருக்கிறேன். நான் கை நீட்டி அடித்தவன் இல்லை, கத்தினதும் அரிது. எனக்கு ஒன்று பிடிக்காவிட்டால் பேசாமல் இருப்பேன். அவ்வளவுதான் செய்தேன். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

அவர் போய் நெடுநாளைக்குப் பிறகு ஒருமுறை மகள்தான் அவரைப் பற்றிக் கேட்டாள். அந்த அங்கிளோடு இப்போதும் கதைக்கிறீர்களா என்றாள். இல்லை என்றேன். அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை சமையலறையில் நடந்ததைச் சொன்னாள்.

"அவர் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை அப்பா. கோப்பையளை வைச்சார், பைப்பைத் திறந்து விட்டார். சத்தம் வெளியிலை கேக்காது, ஆறுதலா அழு எண்டார். பிறகு போய் வாசல்லை நிண்டவர். நான் முடிச்சு முகம் கழுவுற வரைக்கும் அம்மாவை உள்ளை விடேல்லை."

பிறகு கேட்டேன். "அண்டைக்கு நீ வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பன்தானே பிள்ளை?"

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டிருப்பியள். பிறகு ஒரு மாசம் வீட்டிலை ஒருத்தரோடையும் கதைச்சிருக்க மாட்டியள்."

அவருடைய பழைய மின்னஞ்சலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிறு. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் தனியா ஒரு ஃபிளாட் பாக்கிறன். ஃபாரஸ்ட் கேட் பக்கம்."

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் லண்டனின் மறுகோடி அது. என் முகம் இறுகுவது எனக்கே தெரிந்தது. அவள் பார்க்கக் கூடாது என்று கேத்தில் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரல் உடனே சிறுத்தது.

"கோவமோ? வேண்டாமெண்டா விடுறன் அப்பா. அவசரமில்லை."

முகத்தைக் காட்டினாலும் படிக்கிறாள், முதுகைக் காட்டினாலும் படிக்கிறாள். அவளுக்கு அளக்க ஒன்றும் மிச்சம் வைக்காமல் வாயால் சொல்லிவிடுவதுதான் ஒரே வழி. அறுபது வயதுக்கு முன்பே அதைக் கற்றிருக்க வேண்டும். திரும்பி அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கோவமில்லை, கவலை. நீ போறது எனக்கு விருப்பமில்லை. நானும் அம்மாவும் தனிச்சுப் போவம். ஆனா அது என்ரை பாடு, நான் பாத்துக்கொள்ளுறன். என்ரை முகத்தைப் பாத்து நீ ஒண்டும் முடிவெடுக்காதை. உனக்குப் போக விருப்பமோ? அதை மட்டும் சொல்லு."

அவள் நெடுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓம். விருப்பம்."

"அப்ப போ."

"வாய்தான் போ எண்டுது. மூஞ்சி போகாதை எண்டுதே" என்றாள். கண் கலங்கியிருந்தாலும் சிரித்தாள்.

"அது கிழட்டு மூஞ்சி. தன்ரை பாட்டிலை கிடக்கட்டும்."

தேநீரை ஊற்றினேன். அவள் தன் தொலைபேசியை மேசையில் வைத்து ஃபிளாட்டின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். படுக்கையறை, குளியலறை, பின்னால் ஒரு சின்னப் பல்கனி. சமையலறை சிறியது, ஒரு ஆள் திரும்பவும் இடம் காணாது, வேறு பார்க்கலாம் என்றேன்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.